மாடு தருவதாகச் சொன்ன மாப்பிள்ளை

எங்கள் பக்கத்தில் யார் செத்தாலும் முதலில் அழுவது வானொலிதான். காலைச் செய்தி முடிந்த கையோடு சாவு அறிவிப்பு தொடங்கிவிடும். இன்னார் மகன், இன்னார் பேரன், இன்ன ஊரில் இன்ன கிழமை அடக்கம் என்று வரிசையாக வாசிப்பார்கள். கிசுமு நகரத்தின் கொண்டேலே சந்தைக்குள் இருந்த ஒபூயாவின் சலூனில் அந்த நேரத்தில் யாரும் வாயைத் திறக்கமாட்டார்கள். அன்றைக்கும் திறக்கவில்லை.

"காலஞ்சென்ற எலிஷா அவர்களின் மகள் அலுவோச் நோயினால் இறந்துவிட்டாள். வெள்ளிக்கிழமை சொந்த ஊரில் அடக்கம்..."

ஒரு பெரியவருக்குத் தலை வழித்துக்கொண்டிருந்த ஒபூயாவின் கை அப்படியே நின்றது. மகளாம்! பொண்ணுக்கு வைக்கிற பெயரில் அலுவோச்சாம்! தாடியும் மீசையுமாக, ஏணியைத் தோளில் சாய்த்துக்கொண்டு வீடு வீடாகப் போய் கரண்ட் கம்பி இழுத்த ஒலுவோச்சைச் செத்த மறுநாளே பொண்ணாக்கிவிட்டார்கள். அறிவித்தவர்களின் பெயரும் வந்தது. பெரியப்பா நியாந்தேகா, தாய் டோர்சிலா, அண்ணன் ஒகோலா. எல்லாம் ஒரே குட்டையில் ஊறின மட்டைகள் என்று ஒபூயா மனசுக்குள் முடிவு கட்டினான்.

"என்னப்பா, தெரிஞ்ச புள்ளையா?" என்றார் பெரியவர்.

"தெரிஞ்ச ஆளு" என்று சொல்லிவிட்டு மீதித் தலையை வழித்தான்.

ஒலுவோச்சும் ஒபூயாவும் திருநம்பிகள். பொண்ணு என்று பெயர் வைத்து வளர்த்த வீட்டிலிருந்து, இல்லை நான் ஆண் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தவர்கள். ஒபூயா உகென்யா ஊர்ப்பக்கத்து லுவோ இனத்துக்காரன். இப்போது அவனைப் பார்க்கிற யாருக்கும் சந்தேகம் வராது. குரல் கட்டையாகிவிட்டது, முகத்தில் முடி வந்துவிட்டது, சந்தையில் எல்லோருக்கும் அவன் சலூன்காரத் தம்பி. அந்தச் சந்தேகம் வராமல் இருப்பதுதான் அவன் உயிருக்குக் காவல். சலூனின் பின்னறையில் சனிக்கிழமைதோறும் இவர்களைப் போன்றவர்கள் கூடுவார்கள். அந்தக் கூட்டத்துக்குத் தலைவன் ஒலுவோச்.

அவன் செத்த கதையைச் சொன்னால் வயிறு எரியும். அடிவயிற்றில் வலி, ரத்தப்போக்கு என்று ஆஸ்பத்திரிக்குப் போனான். அந்த நோய்க்குப் பொம்பளைங்க வரிசையில்தான் நிற்கவேண்டும். நின்றான். தாடிக்காரன் ஒருத்தன் அங்கே என்ன செய்கிறான் என்று நர்ஸ் கத்தினாள். சீட்டிலிருந்த பொண்ணுப் பெயரைப் பார்த்ததும் இன்னும் இரண்டு நர்ஸைக் கூப்பிட்டுக் காட்டினாள். வரிசையே சிரித்தது. ரத்தம் வழிய வழிய வீட்டுக்கு வந்தவன், இனிமேல் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டேன் என்றான். ஆனால் மற்றவர்களுக்கு அப்படி ஆகக்கூடாது என்று சுகாதார அலுவலக வாசலில் அட்டை பிடித்து நின்றது அவன்தான். போலீஸ் வண்டியில் ஏறியதும் அவன்தான். வருஷக்கணக்காக நடையாய் நடந்து, புதன்கிழமை மதியம் மட்டும் இவர்களுக்கென்று ஒரு டாக்டரை வாங்கிக்கொடுத்தான். முதல் புதன்கிழமை முதல் ஆளாக அவனே போய் உட்கார்ந்தான். கர்ப்பப்பையில் தொடங்கிய புற்று ஈரல்வரை போய்விட்டது என்று டாக்டர் சொன்னார்.

கடைசி நாட்களில் ஒபூயாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டான்.

"கவுன் போட்டுப் புதைக்க விட்டுடாதேடா. வேலிக்கு வெளியே போடவும் விட்டுடாதே. நான் எங்கப்பனுக்குப் புள்ளை."

"சத்தியமா விடமாட்டேன்" என்றான் ஒபூயா.

அதற்குமேல் ஒலுவோச் தன் வீட்டைப் பற்றிப் பேசவில்லை. எப்போதுமே பேசமாட்டான். யாராவது எடுத்தால், 'வீட்டை நம்பினவன் வீதியில' என்று வெட்டிவிடுவான். செத்த அன்று பெரியப்பாவும் அண்ணனும் அடையாள அட்டையோடு வந்து உடம்பைக் கேட்டபோது, சொந்தக்காரங்க தவிர யாரும் கிட்டே வரக்கூடாது என்று பிணவறைக்காரன் ஒபூயாவையும் மற்ற நண்பர்களையும் துரத்திவிட்டான். ஆஸ்பத்திரியில் இருந்த போன், துணிமணி எல்லாவற்றையும் அந்த உறவுக்காரர்களே வாரிக்கொண்டு போனார்கள்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் ஒபூயாவும் சிமியுவும் வேன் ஏறினார்கள். சிமியுவும் இவர்களில் ஒருவன்தான். புங்கோமா பக்கத்துப் புகுசு இனத்துக்காரன், மோட்டார் மெக்கானிக், வாய் மட்டும் காது வரைக்கும். அவன் மடியில் ஒரு பை. பைக்குள் ஒலுவோச்சின் சாம்பல் நிறக் கோட்டு சூட்டு.

"உங்க லுவோக்காரங்களுக்கு உசுரோட இருக்கிறவனைவிடச் செத்தவன் மேலதான்டா பாசம்" என்றான் சிமியு. "எங்க ஊர்ல குழியைத் தோண்டினோமா மூடினோமான்னு இருப்போம். அது என்ன, வேலிக்கு வெளியே, உள்ளே?"

"கல்யாணம் ஆகாத பொண்ணுக்கு அப்பன் வீட்டு வாசலுக்குள்ள இடம் கிடையாது. அவ புருஷன் வீட்டுக்குப் போகவேண்டியவ. போகாமலே செத்துட்டா வேலிக்கு அந்தப் பக்கம் குழி. பையன் செத்தா உள்ளே. அவனுக்குன்னு ஒரு குடிசை இருக்கணும், இல்லைன்னா அன்னைக்கே ஒண்ணு போட்டு, அதுல உடம்பை வச்சு, அதுக்குப் பக்கத்துல புதைக்கணும். அதுவும் வீட்டு ஆம்பிளைதான் முதல் கம்பு நடணும்."

"யாரு நடுவாங்க? அந்தக் கிழவனா?"

"பேசிப் பார்ப்போம்."

"பேசிப் பார்க்கிற மூஞ்சியாடா அது? பிணவறையில பார்த்தேல்ல?"

ஊர் போண்டோவைத் தாண்டி ஏரிக்கரையில் இருந்தது. கள்ளி வேலிக்குள் பெரிய வாசல், கூடாரம், வாடகை நாற்காலிகள், ஒலிபெருக்கியில் சபைப் பாட்டு. சுற்றுவட்டாரமே திரண்டிருந்தது. வேலிக்குப் பின்னால், மக்காச்சோளக் கொல்லையை ஒட்டி, குழி தயாராக வெட்டிக் கிடந்தது. அதைப் பார்த்ததும் சிமியு ஒரு கெட்ட வார்த்தை சொன்னான்.

பெட்டி கூடாரத்தின் நடுவில் இருந்தது. முகத்துக்கு நேரே கண்ணாடி. ஒபூயா குனிந்து பார்த்தான்.

தாடி இல்லை. சுத்தமாக வழித்திருந்தார்கள். எவனோ தெரியாதவன் உலர்ந்த தோலில் கத்தி வைத்திருக்கிறான். மோவாயில் இரண்டு இடத்தில் கீறல். கழுத்தைச் சுற்றி மஞ்சள் கவுனின் சரிகை. உதட்டில் ஏதோ சாயம். அந்தத் தாடி வளர என்ன பாடுபட்டான் என்று ஒபூயாவுக்குத் தெரியும். முதல் முடி வந்த அன்று சலூன் கண்ணாடி முன்னால் நின்று அவன் ஆடிய ஆட்டமும் தெரியும். ஒவ்வொரு சனிக்கிழமையும் அதை ஒதுக்கிவிட்டவன் இவன்தான். "பாவிங்களா" என்று வாய்விட்டே சொல்லிவிட்டான். பக்கத்தில் நின்றவர்கள் துக்கத்தில் புலம்புகிறான் என்று நினைத்துக்கொண்டார்கள்.

வீட்டு நிலைப்படியில் பெண்கள் கூட்டத்துக்கு நடுவே ஒரு மெலிந்த அம்மாள் உட்கார்ந்திருந்தாள். ஒலுவோச்சின் அதே அகன்ற நெற்றி. டோர்சிலாவாகத்தான் இருக்கவேண்டும். இவர்களைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தாள். பெண்கள் தோளைப் பிடித்து உட்காரவைத்தார்கள். அவள் கையை உயர்த்தினாள். திட்டுகிறாள் என்று நினைத்து ஒபூயா முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அதற்குள் நியாந்தேகா வந்துவிட்டார். நெட்டையான ஆள், கையில் தடி, துக்கத்துக்கு என்று போட்ட பழைய கோட்டு. ஒபூயாவின் தோளில் கைபோட்டு, சிமியுவை விட்டுவிட்டு அவனை மட்டும் மாமரத்தடிக்குத் தள்ளிக்கொண்டு போனார். அடிக்கப்போகிறார் என்றுதான் ஒபூயா நினைத்தான்.

"உட்காரு தம்பி. நீதானே அந்தச் சலூன்காரன்? ஆஸ்பத்திரியில ராப்பகலா கூட இருந்தவன் நீதானே?"

"ஆமாம்."

"பிணவறையில அன்னைக்குக் கோவத்துல துரத்த விட்டுட்டேன். மனசுல வச்சுக்காதே. அப்புறம் யோசிச்சேன். சொந்தமில்லாத ஒருத்தன் எதுக்கு ஒரு பொண்ணு படுக்கைப் பக்கத்துல மாசக்கணக்கா உட்காரப்போறான்?" குரலைத் தாழ்த்தினார். "நாங்களும் ஒரு காலத்துல வாலிபப் பசங்கதான்டா. ரெண்டு பேரும் ஒண்ணா இருந்தீங்க, பரிசமா மாடு கொடுக்க வழியில்லை, மறைச்சு வச்சுக்கிட்டீங்க. அதானே?"

ஒபூயா தரையைப் பார்த்தான்.

"வெட்கப்படாதே. எங்களுக்கும் இது பெரிய சங்கடம். எலிஷா மகளை நாய் நரி திரியற இடத்துல புதைச்சான் நியாந்தேகான்னு நாளைக்கு ஊர் பேசும். எனக்கு மட்டும் அது சந்தோஷமா? நீ கூட்டத்துல எழுந்து, 'இவ என் பெண்டாட்டி, மாடு தரேன்'னு ஒரு வார்த்தை சொல்லு. மாடு நிதானமா வரட்டும், எவன் அவசரப்படறான்? உடம்பைக் கொண்டுபோய் உன் வீட்டு வாசல்ல, மனைவிக்குரிய இடத்துல புதை. அவளுக்கும் மரியாதை, எனக்கும் மரியாதை. செத்தவளுக்குக் கல்யாணம் பண்றது நம்மள்ல இல்லாததா?"

"அம்மா என்ன சொல்றாங்க?" என்று கேட்க ஒபூயாவுக்குத் தோன்றியது. கேட்கவில்லை. வானொலியில் அவள் பெயரும்தானே வந்தது?

"பாதிரியார் வந்துட்டார். ஜெபம் முடியறதுக்குள்ள முடிவு பண்ணு, மாப்பிள்ளை" என்று முதுகில் தட்டிவிட்டு எழுந்து போனார்.

கொல்லையோரம் சிமியுவிடம் சொன்னபோது அவன் முதலில் சிரித்தான். அப்புறம் இவன் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினான்.

"டேய், நீ என்ன, நிஜமாவே யோசிக்கிறியா?"

"புருஷன்னு ஆயிட்டா உடம்பு நம்ம கைக்கு வந்துடும்டா. வண்டியில ஏத்திட்டா அந்தக் கவுனைக் கழட்டி எறியலாம். சூட்டு போடலாம். டவுன் பொதுக் கல்லறையில அவன் பேரை எழுதிப் புதைக்கலாம்."

"சம்பந்திங்க கூட வருவாங்கடா, மடையா!"

"வழியில ஏதாவது சொல்லிச் சமாளிச்சுக்கலாம்."

"இவ்வளவு வருஷம் அவன் ஆம்பிளை, அவன் ஆம்பிளைன்னு தெருவுல நின்னு கத்தினோம். அடி வாங்கினோம். இப்ப நீ அவன் பெட்டிக்கு முன்னாடி நின்னு பெண்டாட்டின்னு சொல்லப்போறியா? அதுக்கு அவனை இங்கேயே விட்டுட்டுப் போயிடலாம்."

"வேற என்ன செய்யச் சொல்றே? எழுந்து நின்னு உண்மையைச் சொல்லவா? எத்தனை பேர் கையில கம்பு இருக்குன்னு பார்த்தியா? அடுத்தது நீங்க யாருடான்னு கேட்பான். அவிழ்த்துப் பார்ப்பான். அப்புறம் மூணு பெட்டி வேணும்."

சிமியு பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு காறித் துப்பினான். பயம் எல்லோருக்கும் பொதுதானே? ஒபூயாவுக்கு இருந்ததும் நியாயமான பயம்தான். ஆனால் பயந்தவன் புத்திசாலி ஆகிவிடுகிறான் பாருங்கள், அங்கேதான் கேடு பிடிக்கிறது.

ஜெபம் முடிந்தது. நியாந்தேகா மைக்கை வாங்கி, "நகரத்துலேர்ந்து வந்த விருந்தாளி ஒருத்தர் பேசணும்னு சொல்றார்" என்றார்.

ஒபூயா எழுந்தான். மைக்கை வாங்கிக்கொண்டான். பெட்டியைப் பார்க்காமல் மாமரத்தைப் பார்த்தபடி பேசினான்.

"என் பேரு ஒபூயா. உகென்யா. கிசுமுல சலூன் வச்சிருக்கேன். பெட்டியில இருக்கிறது..." மைக்கைக் கை மாற்றிப் பிடித்தான். "பெட்டியில இருக்கிற அலுவோச் என் பெண்டாட்டி. முறைப்படி மாடு கொடுக்கலை. அது என் தப்பு. இப்பக் கொடுக்கிறேன். என் பெண்டாட்டியை என் வீட்டுக்குக் கொண்டுபோக அனுமதி கொடுங்க."

பெண்கள் பக்கம் குலவை கிளம்பியது. கிழவர்கள் தலையை ஆட்டினார்கள். "கெட்டிக்காரப் புள்ளை, ஓடி ஒளியாம வந்து நின்னானே" என்று யாரோ மெச்சினார்கள். யாரோ ஓடிவந்து கையைப் பிடித்துக் குலுக்கி மச்சான் என்றார்கள். நியாந்தேகாவின் முகத்தில் எத்தனையோ நாள் கழித்துத் தூங்கப்போகிறவனின் நிம்மதி.

அப்போதுதான் டோர்சிலா பெண்களின் கையை உதறிக்கொண்டு வந்தாள். செருப்பில்லை, தலைத்துணி அவிழ்ந்து தோளில் கிடந்தது. ஆண்கள் உட்காரும் இடத்துக்குள் நேரே நடந்து வந்து ஒபூயாவின் எதிரில் நின்றாள். மைக் அவன் கையிலேயே இருந்ததால் அவள் பேசியதெல்லாம் ஊருக்கே கேட்டது.

"நீ ஒபூயாவா?"

"ஆமாம்மா."

"சலூன் ஒபூயா. அந்தா நிக்கிறானே, வாயாடி சிமியு. சரிதானே?"

"எங்க பேரு உங்களுக்கு எப்படி..."

"அவன்தான் சொன்னான். ஞாயித்துக்கிழமை தவறாம எனக்குப் போன் பண்ணுவான். நீ ஒதுக்கிவிடற தாடியைப் பத்திச் சொல்லுவான். புதன்கிழமை டாக்டரைப் பத்திச் சொன்னான். உங்ககிட்ட என்னைப் பத்திச் சொல்லியிருக்கமாட்டான். வீட்டை நம்பாதேன்னு ஊருக்குப் புத்தி சொல்ற தலைவன் அம்மாவுக்குப் போன் பண்றான்னு தெரிஞ்சா சிரிப்பாங்கம்மான்னு சொல்லுவான்." அவள் அழவில்லை. அழுது தீர்ந்துபோன குரல். "இவங்க அவன் போனை எடுத்து வச்சுக்கிட்டாங்க. உங்க பேரு தெரியும், நம்பர் தெரியாது. செத்த நாள்லேர்ந்து இந்தப் பெரியவர் கால்ல விழுந்து கிடக்கேன். என் புள்ளை ஆம்பிளையா வாழ்ந்தான், ஆம்பிளையாப் புதைங்கன்னு. பொம்பளை பேச்சு எடுபடுமா? கடைசியில இறங்கி வந்தார். நகரத்துலேர்ந்து ஒரே ஒரு ஆம்பிளை வந்து, அவன் ஆம்பிளைதான்னு சபையில சொல்லட்டும், அப்ப விடறேன்னார். கேளு, அவரையே கேளு!"

நியாந்தேகா தடியைப் பார்த்தபடி நின்றார். இல்லை என்று சொல்லவில்லை.

"அவன் அண்ணன் ஒகோலா குடிசைக்குக் கம்பு வெட்டி வச்சிருக்கான். முதல் கம்பு நானே நடறேன், ஒரு சாட்சி வரட்டும்மான்னு சொன்னான். நீங்க வருவீங்கன்னு நான் சொன்னேன். வாசல்ல பார்த்ததும் கையைத் தூக்கிக் கூப்பிட்டேனே, பார்த்துட்டுத் திரும்பிக்கிட்டியே!" அவள் அவன் சட்டையைப் பிடித்தாள். "இப்பச் சொல்லு. இத்தனை பேருக்கு முன்னாடி சொல்லு. என் புள்ளை உனக்குப் பெண்டாட்டியா?"

ஒபூயா அப்போதுதான் பெட்டியைப் பார்த்தான்.

"இல்லை" என்றான். "இல்லைம்மா. அவன் ஒலுவோச். ஆம்பிளை. எங்க தலைவன். எனக்கு அண்ணன்."

கூட்டம் சலசலத்தது. நியாந்தேகா மைக்கை அவன் கையிலிருந்து பிடுங்கினார். "கேட்டீங்களா? இப்பத்தான் பெண்டாட்டின்னான். அந்த எச்சில் காயலை, அண்ணன்றான். இன்னும் கொஞ்சம் விட்டா பாட்டன்னு சொல்லுவான் போலிருக்கு!"

"நான் பொய் சொன்னேன்! பயந்துபோய்ச் சொன்னேன்!" மைக் இல்லாமல் ஒபூயா தொண்டை கிழியக் கத்தினான். "நானும் அவனை மாதிரிதான்! என்னையும் பொண்ணுன்னுதான் பெத்தாங்க, பொண்ணுன்னுதான் பேர் வச்சாங்க! உகென்யால எங்க வீட்ல போய்க் கேளுங்க!"

சொல்லிவிட்டான். இத்தனை வருஷம் சந்தையில், பஸ்ஸில், போலீஸ் ஸ்டேஷனில், காய்ச்சலில் பிதற்றும்போதுகூடச் சொல்லாததை ஊர் முழுக்கக் கேட்கச் சொல்லிவிட்டான். கண்ணை மூடிக்கொண்டு முதல் கல்லுக்குக் காத்திருந்தான்.

கல் வரவில்லை. பின்வரிசையில் ஒருத்தன் சொன்னான்: "அடேங்கப்பா! மாடு கொடுக்க வலிக்குதுன்னா ஆம்பிளை தன்னைப் பொம்பளைன்னுகூடச் சொல்லுவானா!"

சிரிப்பு வெடித்தது. சாவு வீடு என்றுகூடப் பார்க்காமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். "எத்தனை மாட்டுக்குடா இந்த வேஷம்?" என்றான் ஒருத்தன். "குறைச்சுக் கேட்டிருந்தா ஆம்பிளையாவே இருந்திருப்பான், பாவம்" என்றான் இன்னொருத்தன். "உண்மைடா! சத்தியமா உண்மை! நானும்தான்!" என்று சிமியு பாய்ந்து வந்தான். அவனுடைய தடித்த கழுத்தையும் எண்ணெய்க் கையையும் பார்த்து இன்னும் சிரித்தார்கள். பிறந்ததிலிருந்து நம்பவைக்கப் போராடிய ஒன்றை அவர்கள் எவ்வளவு முழுசாக நம்பிவிட்டார்கள் என்று நினைத்தால், ஐயோ, அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

ஒகோலா மட்டும் சிரிக்கவில்லை. வேலியோரம் கடப்பாரையோடு நின்றிருந்தவன் மெல்ல வந்து அம்மாவின் கையை ஒபூயாவின் சட்டையிலிருந்து பிரித்தான்.

"விடும்மா."

"நீ நடு, ஒகோலா. அவன் சொல்லிட்டான்ல, கேட்டேல்ல? கம்பை எடுத்துட்டு வா."

"கேட்டேம்மா. முதல்ல என்ன சொன்னான்னும் கேட்டேன்." அவன் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை. "அவனோட ஆளுங்களே அவனை ஆம்பிளைன்னு சொல்லக் கூசறாங்க. நான் இந்த ஊர்லயே காலம் தள்ளணும். நான் மட்டும் எப்படிச் சொல்றது?"

கடப்பாரையைத் தோளில் வைத்துக்கொண்டு வேலிக்கு வெளியே போனான்.

அங்கேதான் புதைத்தார்கள். உறவும் இல்லை முறையும் இல்லை என்று இவர்கள் இரண்டு பேரையும் வாசலைவிட்டு வெளியேற்றினார்கள். குழியே வாசலுக்கு வெளியே இருந்ததால் அங்கே நிற்பதை யாரும் தடுக்கவில்லை. பெட்டியை இறக்கியதும் சிமியு பையிலிருந்த சூட்டை எடுத்துக் குழிக்குள் போட்டான். பொம்பளை குழியில் ஆம்பிளைத் துணி கிடந்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று நியாந்தேகா சொன்னார். ஒகோலா உள்ளே இறங்கி அதை எடுத்து, மண்ணைத் தட்டி, மடித்து, சிமியுவின் கையில் கொடுத்தான். கொடுக்கும்போது அவன் முகத்தைப் பார்க்கவில்லை. பாதிரியார் 'நம் சகோதரி' என்று தொடங்கினார். மண் விழுந்தது.

"ஒலுவோச்!" என்று ஒபூயா கூப்பிட்டான். இரண்டு முறை கூப்பிட்டான்.

கூட்டம் பந்திக்குக் கலைந்தது. இரண்டு பேரும் ரோட்டை நோக்கி நடந்தபோது டோர்சிலா பின்னால் வந்தாள்.

"எங்கே போறீங்க? சாவு வீட்ல சாப்பிடாமப் போனா சாபம் வச்சுட்டுப் போறதா அர்த்தம். வாங்க."

"எங்களுக்கு வேணாம்மா" என்றான் சிமியு.

"உங்களுக்கு வேணுமா வேணாமான்னு நான் கேட்கலை."

பந்திக்குக் கூட்டிப்போகவில்லை. சமையல் குடிசைக்குப் பின்னால் உட்காரவைத்தாள். இலை மூடிய சட்டியைத் திறந்தாள். இரண்டு முழு ஜிலேபி மீன், கீரை, பக்கத்தில் மக்காச்சோளக் களி. பந்திக்கு வைத்தது இல்லை, இவர்களுக்கென்று தனியாகச் செய்தது. கை கழுவ அவளே தண்ணீர் ஊற்றினாள். ஒபூயா நிமிர்ந்து பார்க்க முடியாமல் அவள் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னை அடிச்சுடுங்கம்மா" என்றான்.

"அடிச்சு?"

"என்ன சொல்றதுன்னு தெரியலை. உங்களையும் அவங்களோட சேர்த்துட்டேன். உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்கணும்னு எனக்குத் தோணிச்சு. கேட்கலை."

அவள் மீனின் நடுப்பாகத்தைப் பிட்டு அவன் தட்டில் வைத்தாள். எதிரே மண்ணில் காலை நீட்டி உட்கார்ந்தாள்.

"உன்னைப் பெத்தவ இருக்காளா?"

"இருக்காங்க."

"பேசுவியா?"

"இல்லை. வீட்டைவிட்டு வந்ததுலேர்ந்து பேசினதே இல்லை. அவங்களும் எங்கப்பா பக்கம்தான்."

"அவ சொன்னாளா?"

ஒபூயா யோசித்தான். கத்தியது அப்பா. கதவைச் சாத்தியது அப்பா. அம்மா அடுப்படியில் இருந்தாள். அன்றைக்கு அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்ததாக அவனுக்கு ஞாபகம் இல்லை.

"சொல்லலை" என்றான்.

"நாளைக்கு உனக்கு ஒண்ணு ஆனா," என்றாள் டோர்சிலா, "அவ யார் வருவான்னு வாசலைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருப்பா?"

சிமியு தலையைக் குனிந்துகொண்டான். வாசல் பக்கம் பந்தியில் யாரோ இன்னும் மாட்டுக் கதையைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். களி ஆறிப்போயிருந்தது. ஒபூயா ஒரு வாய் பிட்டு மீனோடு சேர்த்து விழுங்கினான். அவள் எழுந்துபோகாமல் அடுத்த வாயைப் பார்த்துக்கொண்டிருந்ததால் அதையும் விழுங்கினான்.